சாக்குத் திரையும் சாராயப் போத்தலும்

பொகவந்தலாவையில் வீட்டை அலங்கரிக்க ஆசைப்படுபவன் முதலில் மழையிடம் அனுமதி வாங்க வேண்டும். மே மாதம் தென்மேல் பருவக்காற்று மலையேறிவிட்டால் செப்டெம்பர் வரை காயாதது காயாததுதான். சப்பாத்தில் பூசணம் பூக்கும். பெல்ட்டில் பூக்கும். கல்யாண அல்பத்தில் மாப்பிள்ளையின் முகத்தில் மட்டும் பூக்கும். பெண்ணின் முகத்தைத் தொடாது. (இதற்கு என் மனைவி ஒரு காரணம் வைத்திருக்கிறாள்.) வீட்டுக்குள் இயற்கையைக் கொண்டுவாருங்கள் என்று அலங்காரப் பக்கங்களில் எழுதுகிறார்கள். எங்கள் ஊரில் யாரும் போய்க் கூட்டிவரத் தேவையில்லை, அதுவே வந்துவிடும்: சுவரில் பாசியாக, கூரையில் ஒழுக்காக, சில நாள் கணுக்காலில் அட்டையாக.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை காற்று காய்ந்து வீசும். அந்தப் பருவத்துத் தேயிலைக்குத்தான் கொழும்பு ஏலத்தில் நல்ல பெயர். எங்கள் ஊருக்குத் 'தங்கப் பள்ளத்தாக்கு' என்று பட்டம் சூட்டியவரும் அந்த மாதங்களில் வந்து பார்த்துவிட்டு, மே மாதத்துக்கு முன் இறங்கிப் போனவராகத்தான் இருக்க வேண்டும். அந்த மூன்று மாதத்துக்குள் ஊரே கல்யாணம் வைக்கும், கூரை மாற்றும், சுவருக்குப் பூசும். மேசன் பாஸ்மார் கையில் கிடைக்கமாட்டார்கள். கிடைப்பவர் எவராவது இருந்தால், அவர் ஏன் கிடைத்தார் என்று யோசிக்க வேண்டும்.

எங்கள் வீடு தனி வீடு. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பராவில் மூன்று தலைமுறை சமைத்து, தூங்கி, பிள்ளை பெற்று, சண்டை போட்டு வாழ்ந்த குடும்பம் எங்களுடையது. பக்கத்துக் காம்பராவில் ஒருவர் இருமினால் இந்தப் பக்கம் நாங்கள் கசாயம் காய்ச்சுவோம். 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடி நோர்வூட்டுக்கு வந்து, மலையகத்துக்கு ஏற்கெனவே சொன்ன 4,000 வீடுகளோடு இன்னும் 10,000 வீடுகள் என்று அறிவித்தபோது நானும் கூட்டத்தில் நின்று கைதட்டினேன். அதற்குப் பிறகொரு நாள் அம்மாவின் பெயருக்கு எங்கள் வீடு வந்தது. ஏழு பேர்ச் காணி, 550 சதுர அடி.

வீடு கொடுத்தவர்கள் சுவர் கொடுத்தார்கள், கூரை கொடுத்தார்கள், கதவு கொடுத்தார்கள். வெற்றுச் சுவரை என்ன செய்வதென்று சொல்லிக் கொடுக்கவில்லை. லயத்தில் வெற்றுச் சுவர் என்று ஒன்று கிடையவே கிடையாது. ஒன்று, எதையாவது மாட்டியிருக்கும். இல்லையென்றால் யாராவது சாய்ந்திருப்பார்கள்.

நான் சுற்றாடல் நேயனானது 2022ஆம் ஆண்டில். சிலருக்குப் புத்தகம் படித்து ஞானம் வரும். எனக்கு ஹட்டனில் ஒரு கடையில் பெயின்ட் வாளியில் ஒட்டியிருந்த விலையைப் படித்து வந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்க்குப் பக்கத்தில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. வெளிநாட்டுத் தரை ஓடுகளுக்கு 2020இலிருந்தே இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தது. கடைக்காரர், "சேர், அடுத்த கிழம வந்தா இன்னும் கூடும், இப்பவே எடுத்துக்குங்க" என்றார். நான் அவரை இரக்கத்தோடு பார்த்து, இரசாயனப் பூச்சிலிருந்து எழும்பும் ஆவி நுரையீரலுக்கு எவ்வளவு கெடுதி என்று விளக்கினேன். அவர் வாளியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து சபையைக் கூட்டினேன். சபை என்பது மனைவி, அம்மா, உயர்தரம் படிக்கும் மகள், கூப்பிடாமலே வரும் மச்சான். "இனிமேல் இந்த வீட்டில் சுற்றாடலுக்குக் கேடு வராத அலங்காரம் மட்டுந்தான்" என்று அறிவித்தேன்.

"காசில்லன்னு நேரா சொல்லுங்களேன்" என்றாள் மனைவி.

முதல் திட்டம் ஜன்னல் திரை. சணல் துணியில் திரை தைத்துப் போடுவது இப்போது பெரிய நாகரிகமாம். மண்ணிறம், சொரசொரப்பு, ஊடே கசியும் வெளிச்சம் எல்லாவற்றுக்கும் ஒரு அழகு உண்டென்று ஒரு சஞ்சிகையில் நான்கு பக்கம் எழுதியிருந்தார்கள். சணல் மண்ணில் மக்கிப் போகும், பொலியெஸ்டர் மக்காது என்பது உண்மைதான். கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரியிடம் நல்ல சாக்குகளாகத் தேடி வாங்கி வந்து, பிரித்து, துவைத்து, மழை விட்ட நேரத்தில் காயவைத்து, ஓரம் அடித்து, முன் ஜன்னலில் மாட்டினேன். தூரத்தில் நின்று பார்த்தேன். சஞ்சிகையில் இருந்ததற்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், இதில் 'வெங்காயம்' என்று அச்சடித்திருந்தது.

அம்மா மலைக்குப் போய்க் கொழுந்து பறித்த காலமெல்லாம் இடுப்பில் படங்கு கட்டியவர். ஈரச் செடி வயிற்றையும் தொடையையும் கிழிக்காமல் இருக்கக் கட்டும் முரட்டுச் சாக்கு அது. பனிக் காலத்தில் தலையிலும் ஒரு சாக்கைக் கொங்காணியாகப் போட்டிருப்பார். ஜன்னலைப் பார்த்தார். கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தார். மோந்தும் பார்த்தார்.

"ஏன்டா, நாப்பது வருசம் சாக்கக் கட்டிக்கிட்டுத்தான் மலைக்குப் போனேன். ஒன்னைய வாத்தியாராக்கி, தனி வீட்டுக்கு வந்தப்பொறகும் கண்ணு முழிச்சா சாக்கையா பாக்கணும்?"

நான் மக்கும் தன்மை பற்றிச் சொன்னேன்.

"நானுந்தான் மக்கிப் போனேன்" என்றார் அம்மா.

அன்று மாலையே திரையைக் கழற்றிவிட்டேன். அது இப்போது கோழிக்கூட்டின் மேல் கிடக்கிறது. கோழிகள் ஆட்சேபிக்கவில்லை. நான் மட்டும் இதைக் கொஞ்சநாள் மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். பட்டுத் திரை போட்டு அலுத்தவருக்குச் சணல் ஒரு மாறுதல். சாக்கை விட்டால் வேறில்லை என்று வாழ்ந்தவர் வீட்டில் அதே சணலை மாட்டி இதுதான் அழகு என்று சொல்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். என்னிடம் அது ஒரு பகல் மட்டுமே இருந்தது.

இத்தனைக்கும் கழிவுப் பொருளில் வீட்டை அலங்கரிக்கும் கலையில் அம்மாவுக்கு மேல் ஒரு ஆள் கிடையாது. எங்கள் காம்பராச் சுவர் முழுக்கப் பழைய பத்திரிகை ஒட்டியிருந்தது. கோதுமை மாவில் பசை காய்ச்சுவது அம்மா, ஒட்டுவது அப்பா. வீரகேசரி 1930இல் தொடங்கியது, தினகரன் 1932இல். எங்கள் சுவருக்கு இரண்டும் எப்போதும் சில மாதம் தாமதமாகவே வந்து சேரும், அதுவும் சீனி சுற்றியோ பருப்பு சுற்றியோ. சுவர்க் கீறலில் நுழையும் காற்றைத் தடுத்தது, புகைக்கறையை மறைத்தது, எனக்கு எழுத்துக் கூட்டவும் கற்றுக் கொடுத்தது. ஒரு மூலையில் தாள்களை அப்பா தலைகீழாய் ஒட்டிவிட்டார். பசை வீணாகும் என்று மாற்றி ஒட்டவும் மறுத்துவிட்டார். இன்றைக்கும் எதிரில் இருப்பவர் விரித்துப் பிடித்திருக்கும் பத்திரிகையைத் தலைகீழாகச் சரளமாய்ப் படிப்பேன். ஹட்டன் பஸ்ஸில் இது பெரிய வசதி.

ஒரு தொடர்கதை. கதாநாயகி விஷக் கோப்பையைக் கையில் எடுக்கும் இடத்தில் நிற்கும். அடுத்த பத்தியின் மேல் முருகன் கலண்டர். அந்தப் பெண் குடித்தாளா இல்லையா என்று இன்றுவரை எனக்குக் கவலைதான். கலண்டரைத் தூக்கிப் பார்க்கக் கூடாதா என்பீர்கள். தூக்கினேன். அங்கே சிமெந்து விளம்பரம் இருந்தது.

பால்மா டின்களில் ரோசாவும் ஜெரேனியமும். இஸ்தோப்பு ஓரத்தில் அவை வரிசையாக இருக்கும். பழைய சேலைக் கிழிசலைப் பின்னிக் கால்மிதி. மூலையில் தேயிலைப் பெட்டி. இன்றைய பிள்ளைகளுக்குத் தேயிலைப் பெட்டியைத் தெரியாது. ஒட்டுப்பலகையில் செய்து, விளிம்பெல்லாம் தகரப் பட்டி அடித்து, உள்ளே மினுங்கும் உலோகத்தாள் வைத்து, அதில் அடைத்துத்தான் எங்கள் தேயிலை கப்பலேறியது. 1980களிலும் 90களிலும் காகிதச் சாக்கு வந்து பெட்டியை ஒழித்துவிட்டது. உடைந்த பெட்டி ஒன்று ஸ்டோரிலிருந்து லயத்துக்கு வந்து சேர்ந்தால் அது மேசை, அலமாரி, தொட்டில், கோழி அடைகாக்கும் இடம் என்று பல பிறவி எடுக்கும். உள்ளிருந்த தாளை வெட்டிச் சாமிப் படத்துக்குப் பின்னால் ஒட்டுவோம். குத்துவிளக்கு வெளிச்சத்தில் முருகனுக்கு அப்படியொரு தேஜஸ். நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தது அந்தப் பெட்டி மேல்தான். தகரப் பட்டியின் முனை முழங்காலில் கிழித்த தழும்பு இருக்கிறது. சான்றிதழ் தொலைந்துவிட்டது.

இதையெல்லாம் செய்தபோது யாரும் சுற்றாடல் என்ற வார்த்தையைச் சொன்னதில்லை. வீடு பார்க்க வருபவர்கள் முகம் சுளிக்கக் கூடாது, அவ்வளவுதான் நோக்கம்.

திரையில் தோற்றவன் சுவருக்குத் திரும்பினேன். சுண்ணாம்பு. இதில் எனக்கு விஞ்ஞான பலமும் இருந்தது. சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் போட்டால் கொதித்துப் பூத்து நீறும். அதைக் கரைத்துச் சுவரில் பூசினால் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை மெல்ல உறிஞ்சித் திரும்பவும் கல்லாக இறுகும். சுவரிலுள்ள ஈரம் வெளியேற வழிவிடும். காரத்தன்மை உள்ளதால் பூசணம் அண்டாது. பெயின்ட்டைவிட மலிவு. எங்கள் லயங்களில் தீபாவளிக்குத் தீபாவளி பூசியதும் இதைத்தான், கொஞ்சம் உப்பும் வெண்மைக்குக் கொஞ்சம் நீலமும் சேர்த்து. வகுப்பில் இந்தப் பாடத்தைப் பலமுறை நடத்தியவன் நான். ஆகவே சுண்ணாம்பு வாங்கும் வேலையை மச்சானிடம் கொடுத்தேன்.

மச்சான் வெள்ளைத் தூள் ஒரு மூடை கொண்டுவந்தார். பாதி விலை என்றார். இருவருமாகக் கரைத்தோம், உள்ளேயும் வெளியேயும் பூசினோம். சுவர் பளீரென்று இருந்தது. சுண்ணாம்பு ஏன் கொதிக்கவில்லை என்று மகள் கேட்டாள். குளிர் பிரதேசம் என்று பதில் சொன்னேன்.

அது டொலமைட். தேயிலை மலையில் மண்ணின் புளிப்பை முறிக்கப் போடுவது. சுடாமல் அப்படியே அரைத்த கல். ஏற்கெனவே கல்லாக இருப்பது காற்றிலிருந்து எதை உறிஞ்சி இனி என்ன கல்லாகப் போகிறது? காய்ந்ததும் சுவரை விட்டு இறங்கத் தொடங்கியது. சாய்ந்தவர் முதுகில் ஏறியது. எங்கள் வீட்டுக்கு வந்து போனவர்களை டவுனில் முதுகைப் பார்த்தே அடையாளம் கண்டுகொண்டார்கள். வெளிச்சுவரில் பூசியது முதல் மழையிலேயே கரைந்து, கீழே நின்ற ஹைட்ரேஞ்சியாச் செடிகளின் வேருக்குப் போய்விட்டது.

அதில் ஒரு நன்மை விளைந்தது. ஹைட்ரேஞ்சியா புளிப்பு மண்ணில் நீலமாகப் பூக்கும், புளிப்பு முறிந்தால் இளஞ்சிவப்பாகிவிடும். எங்கள் ஊர் மண் தேயிலைக்கு ஏற்ற புளிப்பு மண், ஆகவே ஊர் முழுக்க நீலம். அடுத்த பருவத்தில் எங்கள் வாசலில் மட்டும் இளஞ்சிவப்பு. போகிறவர் வருகிறவர் எல்லாரும் நின்று பார்த்து, எந்த நர்சரியில் வாங்கியது என்று கேட்டார்கள். இதுவரை நான் செய்த அலங்காரங்களில் ஊர் பாராட்டிய ஒரே ஒன்று அதுதான். திட்டமிட்டுச் செய்தது என்றே சொல்லி வருகிறேன்.

பிறகு அம்மாவே முன்னால் நின்று, உண்மையான சுண்ணாம்பை வாங்கச் செய்து, நீறவைத்து, வடிகட்டி, மெல்லிய பூச்சாக, ஒன்று காய்ந்தபின் ஒன்றாகப் பூச வைத்தார். இன்னும் நிற்கிறது. அம்மாவுக்குக் காபனீரொட்சைட்டு பற்றி ஒன்றும் தெரியாது.

தேயிலைச் சாயத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது வீட்டில் இன்னும் ஆறாத விஷயம். சாக்கு போன இடத்துக்குப் பழைய வேட்டிகளைத் திரையாக்கினோம். வெள்ளை மிகவும் வெள்ளையாக இருந்தது. தேயிலையில் தனின் இருக்கிறது, துணியில் நன்றாகப் பிடிக்கும், இளம் மண்ணிறம் வரும், கடைச்சாயம் எதுவும் வேண்டாம். தேயிலைத் தேசத்தில் பிறந்தவன் தேயிலையில் சாயம் தோய்ப்பதில் ஒரு நியாயமும் இருந்தது. ஆனால் தோய்க்க நான் எடுத்தது ஒரு துருப்பிடித்த இரும்பு அண்டா. தனினும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும். அந்தக் காலத்தில் எழுதும் மை செய்ததே இந்த முறையில்தான். கரும்சாம்பல் நிறத்தில் நான்கு திரைகள் தயாராகி ஜன்னலில் தொங்கின.

மறுநாள் மாமியார் மஸ்கெலியாவிலிருந்து வந்தார். முச்சக்கர வண்டியிலிருந்து இறங்கி, ஜன்னல்களைப் பார்த்து, வாசலிலேயே மாரில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். யார், எப்போது, ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று அழுகை. நான் உள்ளேயிருந்து ஓடிவந்தேன். என்னைக் கண்டதும் அவர் முகத்தில் தெரிந்தது நிம்மதிதான் என்று மனைவி இன்றும் சாதிக்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

போத்தல் விஷயம் இன்னும் கொஞ்சம் பெரியது. கண்ணாடி மக்காது, ஆனால் பூச்சாடியாக வைத்தால் காலத்துக்கும் நிற்கும். மணி பிளாண்ட் கொடியைத் தண்ணீரில் விட்டாலே வேர்விடும், மண் வேண்டாம், உரம் வேண்டாம். உயரமான, நீண்ட கழுத்துள்ள, ஒரே அளவான போத்தல்கள் வேண்டும். எங்கள் ஊரில் அப்படிப்பட்ட போத்தல் ஒரே வகைதான், அதற்குப் பஞ்சமும் கிடையாது. சம்பள நாள் கழிந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பையோடு வாய்க்கால் ஓரமாக நடந்து சேகரித்தேன். வழியில் கண்டவர்கள் எல்லாரும் வணக்கம் சொன்னார்கள், வழக்கத்தைவிட மெதுவாக.

கழுவி, லேபல் உரித்து, முன்னறை நெடுக வரிசையாக வைத்து, கொடி விட்டேன். பச்சை இலையும் கண்ணாடியும் காலை வெயிலும் சேர்ந்தபோது சத்தியமாக அழகாகத்தான் இருந்தது. சில போத்தல்களில் லேபல் முழுதாக உரியவில்லை, அவ்வளவுதான் குறை. பாடசாலை அதிபர் ஏதோ படிவத்தில் கையெழுத்து வாங்க வந்தவர் உட்கார்ந்தார். வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். பிறகு என் தோளில் கைவைத்து, "சேர், ஏதும் மனக்கஷ்டம்னா எங்கிட்ட சொல்லலாம்" என்றார். நான் கொடியைக் காட்டினேன். "செடி நல்லா வளர்ந்திருக்கு. ரொம்ப நாளா பழக்கமோ?" என்றார். அந்த வருடம் மதுவொழிப்பு வாரத்தில் பேசும்படி என்னை யாரும் அழைக்கவில்லை.

டெங்கு பரிசோதனைக்கு வந்த சுகாதாரப் பரிசோதகர் மட்டுமே போத்தலைப் போத்தலாகப் பார்த்தார். வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றி உட்புறத்தையும் தேய்த்துக் கழுவுங்கள், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும் என்றார். நல்ல மனிதர். தண்ணீர் மாற்றும் வேலை இப்போது மகளுடையது. உயர்தரப் பரீட்சையில் புள்ளி குறைந்தால் அதற்குக் காரணம் தயாராக இருக்கிறது.

இப்படித் தொடர்ந்து அடி வாங்கும் ஒருவனுக்கு வரலாற்றில் ஒரு துணை வேண்டும். எனக்கு ஜூலியா மார்கிரட் கெமரன் கிடைத்தார். எங்கள் ஊர்க்காரர் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு, இங்குள்ள புனித மரியாள் தேவாலயத் தோட்டத்தில்தான் அடக்கமாகியிருக்கிறார். 1815இல் கல்கத்தாவில் பிறந்து, இங்கிலாந்தில் வாழ்ந்து, 48 வயதில் மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கெமராவைக் கையில் எடுத்து, உலகப் புகழ்பெற்ற புகைப்படக்காரரானவர். அவர் கணவருக்கு இலங்கையில் கோப்பித் தோட்டங்கள். 1875இல் குடும்பத்தோடு இங்கே வந்தார்கள். கோப்பியை இலைநோய் தின்றுகொண்டிருந்த காலம். 1879இல் அம்மையார் மலைநாட்டிலேயே இறந்தார்.

எனக்கு வேண்டியது அவருடைய படங்கள் அல்ல, கோழிக்கூடு. இங்கிலாந்து வீட்டில் ஸ்டூடியோ கட்ட அவர் செங்கல் அடுக்கவில்லை. கண்ணாடி போட்டிருந்த கோழிக்கூட்டையே ஸ்டூடியோவாக்கினார், நிலக்கரி போடும் அறையை இருட்டறையாக்கினார். இருப்பதை வைத்து வீட்டை மாற்றுவதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. இதை வீட்டில் உணர்ச்சியோடு சொன்னேன். மனைவி கேட்ட கேள்வி ஒன்றே: "கோழியெல்லாம் எங்க போச்சு?"

அதற்கும் பதில் இருக்கிறது. கோழிகளுக்கு விடுதலை கிடைத்தது, அவற்றை யாரும் சாப்பிட்டிருக்கமாட்டார்கள் என்று நம்புவதாக அந்த அம்மையாரே எழுதி வைத்திருக்கிறார். மனைவி யோசித்தாள். "அப்ப நம்ம கோழிக்கூட்ட நீங்க படிக்கிற அறையா ஆக்கிக்கலாமே. சாக்குத் திரையும் அங்கதான் கெடக்கு" என்றாள். வரலாறு எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது.

களுத்துறையில் கெமரன் அம்மையார் இருந்த வீட்டுக்குப் போன மரியான் நோர்த் என்ற ஓவியர், சுவர் நிறையப் படங்கள், மிச்சம் மேசையிலும் கதிரையிலும் தரையிலும், அதோடு ஈரம் பிடித்த புத்தகக் குவியல் என்று எழுதியிருக்கிறார். பணக்கார வெள்ளைக்காரர் வீட்டிலும் புத்தகம் ஈரம் பிடித்தது என்று படித்த இரவு நான் நன்றாகத் தூங்கினேன்.

துரைமார் இருந்த பங்களாக்களில் சில இப்போது உல்லாச விடுதிகள். எங்கள் பக்கத்து டியன்சின் பங்களா 1888இல் கட்டியது. ஒரு இரவு தங்க டொலரில் பணம் கட்டி உலகத்தின் பல மூலைகளிலிருந்து வருகிறார்கள். பழைய பலகைத் தரை, பழைய கணப்பு, பழைய நாற்காலி. பழையதுக்கு இருக்கும் மரியாதையைப் பாருங்கள். நான் பழையதை வைத்தால் பஞ்சம், பங்களாவில் வைத்தால் பாரம்பரியம். கொழும்பில் ஒரு கடையில் பிரம்புக் கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து உள்ளே பல்ப் மாட்டி விற்றார்கள். விலையைப் பார்த்துவிட்டு வந்து, நாமும் செய்யலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா நெற்றிக்கு மேல் தலைமயிரை ஒதுக்கிக் காட்டினார். கூடைக்கயிறு அழுத்தி அழுத்தி மயிர் தேய்ந்த இடம். "லைட்டு போடுற கூடைக்குக் கயிறு வைப்பாங்களாடா?" என்று கேட்டார். கூடை விளக்கு வேலை அதோடு நின்றது.

கடைசியாக, அம்மாவின் பிளாஸ்டிக் பூ. லயத்தில் இருந்த காலத்தில், ஒரு தீபாவளி அட்வான்ஸில், ஹட்டனில் வாங்கியது. சிவப்பு ரோசா, மஞ்சள் ரோசா, இயற்கையில் எங்கும் கிடையாத ஒரு நீல ரோசா. புது வீட்டில் முன்னறையின் நடுமேசையில் அதுதான் இருக்கிறது. என் கொள்கைக்கு அது நேர் எதிரி. 2023இல் அரசாங்கம் ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக்குகளைத் தடைசெய்தபோது எனக்கு ஆயுதம் கிடைத்தது. பட்டியலை அம்மாவுக்கு உரக்க வாசித்தேன்: உறிஞ்சுகுழல், தட்டு, கரண்டி, முள்ளுக்கரண்டி, இடியப்பத் தட்டு, பூமாலை.

"மாலைதானே?" என்றார் அம்மா. "இது கொத்து."

சட்டம் படித்தவர்கள் வீட்டில் பிறந்திருக்க வேண்டியவர். நான் சட்டத்தின் நோக்கத்தை எடுத்துச் சொன்னேன். மகள் குறுக்கே வந்தாள். ஒருமுறை பாவித்து எறிவதற்குத்தானே தடை. அப்பாயி இதை அப்பா கல்யாணத்துக்கு முந்தியிருந்தே கழுவிக் கழுவி வைத்திருக்கிறாரே. இதே வீட்டில் அப்பா கொண்டுவந்த மக்கும் பொருள்களில் எத்தனை ஒரு மழைக்காலம் தாண்டின என்று கணக்குப் பார்க்கலாமா என்றாள். பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்தப் பிள்ளைகளைப் படிக்கவைப்பது நாம்தானே.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அம்மா அந்தக் கொத்தைச் சவர்க்காரத் தண்ணீரில் முக்கி, இதழ் இதழாகத் தேய்த்து, பீலியடியில் அலசி, வெயில் இருந்தால் வெயிலிலும் இல்லாவிட்டால் அடுப்புப் பக்கத்திலும் காயவைப்பார். பூசணம் பிடித்ததில்லை. நிறம் கொஞ்சம் வெளிறியிருக்கிறது, அந்த நீலம் மட்டும் அப்படியே. யோசித்துப் பார்த்தால் எங்கள் வீட்டில் சுற்றாடலுக்குக் குறைந்த கேடு செய்த அலங்காரப் பொருள் அதுதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். நான் யோசித்துப் பார்ப்பதில்லை.

தோட்டத்துச் சொந்தங்களுக்கு ஒரு வேண்டுகோளோடு நிறுத்திக்கொள்கிறேன். யார் வீட்டு அட்டாலியிலாவது, மாட்டுப்பட்டியிலாவது பழைய தேயிலைப் பெட்டி கிடந்தால் தயவுசெய்து அடுப்பில் வைக்காதீர்கள். தகரப் பட்டி பிய்ந்திருந்தாலும் பரவாயில்லை, ஒரு பக்கப் பலகை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தகவல் சொல்லி அனுப்புங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். விலை பேசுவதென்றால் மச்சானை அனுப்புவேன். வீட்டுக்கு வந்து சொல்பவர்கள் அம்மா இல்லாத நேரமாகப் பார்த்து வாருங்கள்.